பூஜ்ஜியம் டிகிரியில் 0.21

அன்று திருத்த வேண்டியிருந்தவை 23 ரெக்கார்டுகள். மூன்றாம் ஆண்டு ஏரோடைனமிக்ஸ் லேப், நான்காவது பயிற்சி: சமச்சீர் ஏர்ஃபாயில் மீது அழுத்தப் பரவல். நாக்கா 0012 என்ற அந்த இறக்கை வடிவம் மேலும் கீழும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கும். காற்றுக்கு நேராகப் பிடித்தால் மேலே எவ்வளவு உறிஞ்சலோ கீழேயும் அவ்வளவுதான். இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்று சொல்லும் லிஃப்ட் கெழு பூஜ்ஜியம். 22 ரெக்கார்டுகளில் அது 0.00, 0.01, ‘ஏறத்தாழ 0’ என்று விதவிதமாக இருந்தது. ஒன்றில் மட்டும் 0.21. அந்த மாணவி எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, ‘மேடம், எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை’ என்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அவளோடு அதே நாளில், அழுத்தத்தை நீர்மட்டமாகக் காட்டும் அதே மானோமீட்டர் முன் நின்றவர்கள் இன்னும் நான்கு பேர். ஐந்து நோட்டிலும் ஒரே ரீடிங். கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 0.21தான் வந்தது. மற்ற நால்வரும் கடைசி வரியைச் சீனியர் ரெக்கார்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சீனியர்கள் அவர்களுடைய சீனியர்களிடமிருந்து எடுத்திருப்பார்கள். எல்லாவற்றின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. கடந்த இரண்டு வருடமாக அது என்னுடையது. ஆகவே திட்டுவதற்கு எனக்கு வாயில்லை.

அடுத்த லேபில் 0.21ஐக் கரும்பலகையில் எழுதி, இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க யார் வருகிறீர்கள், சனிக்கிழமைகளில், என்று கேட்டேன். ஆறு பேர் வந்தார்கள். ரெக்கார்டில் 0.00 எழுதியவர்களில் மூவர் அதில் உண்டு. ரிப்பேருக்குப் பணம் கேட்டு எழுதவில்லை. கேட்டால் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், அதற்குள் இவர்கள் டிகிரி வாங்கிவிடுவார்கள்.

எங்கள் காற்றுச் சுரங்கம் உறிஞ்சும் வகை. முன்னால் 1,800 மிமீ சதுர வாய், அதில் தேன்கூடு போன்ற அறைகளும் வலைகளும். அங்கிருந்து பரப்பு ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கி 600 மிமீ சதுரச் சோதனைப் பகுதி. பின்னால் விரிந்துகொண்டே போய் மின்விசிறி. இறக்கை மாடலின் நாண், அதாவது மூக்கிலிருந்து வால்நுனி வரை நீளம், 150 மிமீ. மேற்பரப்பில் 10 துளைகள், கீழ்ப்பரப்பில் 10, மூக்கில் ஒன்று, ஆக 21. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் வெளியே வந்து 24 குழாய் மானோமீட்டருக்குப் போகிறது. மீதி மூன்றில் ஒன்று மொத்த அழுத்தம், ஒன்று சோதனைப் பகுதியின் நிலை அழுத்தம், ஒன்று வெளிக்காற்று.

முதல் சனிக்கிழமை மோட்டாரையே போடவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம், டனல் என்றால் அவர்களுக்கு இரைச்சல் வேண்டும். காற்று ஓடாதபோது 24 குழாய்களிலும் நீர்மட்டம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது ஒன்றுதான், ஆனால் அதைச் செய்துவிட்டு ரீடிங் எடுக்கும் வழக்கம் எங்கள் லேபில் எப்போதோ செத்துப்போயிருந்தது. பார்த்தால், ஐந்து குழாய்களில் மட்டம் தனித்தனியாகத் திரிந்தது. அது போக, இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் 3 மிமீ வித்தியாசம். ரசமட்டம் வைத்தோம். பலகையே ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

“மூன்று மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும், மேடம்?” என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. வகுப்பில் இதைக் கேட்டிருந்தால் ‘துல்லியம் முக்கியம்’ என்று ஏதாவது சொல்லி நகர்ந்திருப்பேன். இங்கே கரும்பலகை கையெட்டும் தூரத்தில் இருந்தது. காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். எங்கள் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ. அந்த வேகத்தால் வரும் இயக்க அழுத்தம் 232 பாஸ்கல். நீர் உயரமாக மாற்றினால் 24 மிமீ கூட இல்லை. மானோமீட்டர் கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருப்பதால் ஸ்கேலில் அது இரட்டிப்பாகி 47 மிமீ. டனலின் மொத்த வீரமும் அந்த 47 மிமீதான். தாக்குகோணம், அதாவது காற்றுக்கும் நாணுக்கும் உள்ள கோணம், ஒரு டிகிரி மாறினால் லிஃப்ட் கெழு சுமார் 0.1 மாறும், மேல், கீழ்ப் பரப்புகளுக்கு இடையே சராசரியாக ஸ்கேலில் 5 மிமீ. மேற்பரப்புக் குழாய்கள் பலகையின் இடப்பாதியில், கீழ்ப்பரப்புக் குழாய்கள் வலப்பாதியில். கோடிக்குக் கோடி 3 மிமீ சாய்வு என்றால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சராசரி 1.5 மிமீ. பலகை சாய்ந்ததாலேயே கெழுவில் 0.03 வந்துவிட்டது, இறக்கையைக் கேட்காமலேயே. கேள்வி கேட்டவனே போய் அட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்துக்கொண்டு வந்து பலகையின் காலுக்கு அடியில் செருகினான்.

தண்ணீரில் பாசி. எப்போது மாற்றினீர்கள் என்று லேப் அண்ணனைக் கேட்டேன். “நீங்கள் வேலையில் சேர்வதற்கு முன்பு” என்றார், கடைசித் தடவை நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்வதுபோல. எல்லாவற்றையும் வடித்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரை ஓர் இரவு நிறுத்தி, மூன்று முறை அலசினோம். பிறகு பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். நிறத்துக்கு ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். கண்ணாடிச் சுவரில் நீர் ஒட்டிக்கொண்டு பொய்மட்டம் காட்டாமலிருக்கப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. ஒரே சொட்டு, இரண்டு விட்டால் நுரையைத்தான் அளக்க வேண்டிவரும். அதுவும் செய்து பார்த்தாயிற்று, மறுபடி வடித்தோம்.

இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்கு மிகவும் பிடித்த நாள். பத்து மில்லி சிரிஞ்சு ஒன்று, அதன் வாயில் சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு. இறக்கை மேல் ஒரு துளையின் மீது டியூப்பை அழுத்தி, பிஸ்டனை மெல்ல இழுத்து, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். மானோமீட்டர் முன் நிற்பவர், அந்த எண்ணுக்குரிய குழாயைப் பார்க்க வேண்டும். நீர் ஏறி அசையாமல் நின்றால் குழாய் நலம். ஏறிவிட்டு மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. ஏறவே இல்லையென்றால் அடைப்பு. வேறு எண் குழாயில் ஏறினால் யாரோ இடம் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். டனலுக்கு உள்ளே தலையை விட்டபடி ஒருத்தி “பதினொன்று” என்று கத்துவாள், வெளியே ஒருவன் முப்பது வரை எண்ணிவிட்டு “நிற்கிறது” என்பான். மதியச் சாப்பாட்டுக்குள் 21 துளைகளையும் முடித்தோம்: 12 நலம், 6 கசிவு, 3 அடைப்பு. நலமாக இருந்த 12இல் 14ஆம் குழாயும் 15ஆம் குழாயும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று.

அந்த இடமாற்றம் தெரிந்ததும் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினோம். 14, 15 இரண்டும் கீழ்ப்பரப்புத் துளைகள். ரீடிங் அட்டவணையில் அந்த இரண்டு எண்களும் ஏறுக்குமாறாகவே இருக்கின்றன, எல்லா வருடமும். வரைபடத்தில் மட்டும் கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. வளைகோடு வரைய உதவும் பிரெஞ்ச் கர்வ் வைத்து இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே அழகாக இழுத்திருக்கிறார்கள். புள்ளி சொன்னதைக் கோடு கேட்கவில்லை.

கசிவு சரிசெய்வது எளிது. பிவிசி குழாய் வருடக்கணக்கில் எஃகுக் குச்சியில் இருந்து விறைத்துப்போய், வாய் அகன்றிருந்தது. நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, கேன்டீன் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய வெந்நீர் டம்ளரில் நுனியைப் பத்து வினாடி முக்கி எடுத்துச் செருகினால், ஆறும்போது தானே இறுகிக்கொள்ளும். கம்பி கட்டவோ பசை தடவவோ தேவையில்லை. ஒருவன் பசை தடவத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஒன்றில் தடவவும் விட்டேன். பசை உள்ளே போய் அடைத்துக்கொண்டது. பிறகு இன்னொரு சென்டிமீட்டர் வெட்டினான்.

அடைப்புக்குக் காரணம் வெள்ளி நிறப் பெயின்ட். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம், லேபில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். இறக்கையும் அதில் தப்பவில்லை. அரை மில்லிமீட்டர் துளை, மேலே பளபளவென்று ஒரு தோல்.

துளைகளைத் திறந்துகொண்டிருக்கும்போதே அந்த விபத்தைச் சொன்னேன். 1996 அக்டோபர் 2. பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603, போயிங் 757. விமானத்தைக் கழுவிப் பளபளப்பாக்கும்போது, நீர் போகாமலிருக்க, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் நிலை அழுத்தத் துளைகளின் மேல் ஒட்டும் நாடா ஒட்டியிருந்தார்கள். எடுக்க மறந்துவிட்டார்கள். இரவு, கடலுக்கு மேல், உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் எல்லாம் பொய் சொல்லின. தரைக் கட்டுப்பாட்டாளரிடம் உயரம் கேட்டார்கள். அவருடைய திரையில் தெரிந்த எண்ணும் விமானத்தின் அதே பொய்க்கருவியிலிருந்து போனதுதான். 70 பேரும் இறந்தார்கள். அதே வருடம் பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் பிர்கன்ஏர் 301 விழுந்து 189 பேர் இறந்தார்கள். அதில் வேகம் அளக்கும் பிட்டோ குழாய் அடைத்திருந்தது. மண்கூடு கட்டும் குளவி புகுந்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. இந்த இரண்டையும் வகுப்பில் ஸ்லைடு போட்டு வருடாவருடம் சொல்கிறேன், குறிப்பெடுக்கிறார்கள். அன்று யாரும் எழுதவில்லை. தின்னர் தோய்த்த பஞ்சுக் குச்சியைப் பிடித்திருந்தவள், தான் துடைத்த துளையைச் சிரிஞ்சு வைத்து மறுபடியும் ஒருமுறை சோதித்தாள்.

பெயின்ட் கரைந்த பிறகு உள்ளே இருந்த பொருக்கை எடுக்க 0.3 மிமீ கிட்டார் கம்பி பயன்பட்டது. விடுதி மாணவன் ஒருவனின் அறுந்த கம்பி. டிரில் பிட்டைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டேன். துளையின் விளிம்பில் ஒரு பிசிறு நின்றால் போதும், அது காற்றைத் தடுக்கி அழுத்தத்தை மாற்றிக் காட்டும். மூன்றில் இரண்டு திறந்துகொண்டன. 7ஆம் துளை திறக்கவில்லை. கம்பி நான்கு மில்லிமீட்டர் போய் முட்டியது. உள்ளே குழாயே ஒடிந்திருக்க வேண்டும். இறக்கையை அறுத்துத்தான் பார்க்க முடியும். விட்டுவிட்டோம்.

மூன்றாவது சனிக்கிழமை மோட்டார் போட்டோம். எல்லாக் குழாய்களும் ஒழுங்காக ஏறி நின்றன, அழுத்தப் பரவலின் கோடு பிரெஞ்ச் கர்வ் இல்லாமலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. பூஜ்ஜியம் டிகிரி. கணக்கு முடிந்தது. 0.18.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், “புத்தகத்தில் பூஜ்ஜியம் என்றுதானே இருக்கிறது, அப்படியே போட்டுவிடலாமா?” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனால் முழு விளையாட்டும் இல்லை. ரைட் சகோதரர்களைச் சொல்ல அது பொருத்தமான நேரமாக இருந்தது. 1901இல் அவர்களுடைய கிளைடர், அட்டவணை சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை. டேட்டன் நகரில் தங்கள் சைக்கிள் கடையில் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, விசிறி வைத்து, பழைய ஹேக்ஸா பிளேடுகளையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் கொண்டு தராசு செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 18ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் 0.005 என்று வைத்துக் கணக்குப் போட்ட ஸ்மீட்டன் கெழு, காற்றின் வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட உதவும் எண், உண்மையில் 0.0033 பக்கம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் விஷயத்தில் புத்தகம் தப்பு. நம் விஷயத்தில் புத்தகம் சரி, ஆனால் பூஜ்ஜியம் டிகிரி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது புத்தகத்துக்குத் தெரியாது என்றேன்.

இரண்டு சந்தேகங்கள்தான் மீதி. கோணம் காட்டும் டயல் தவறு, அல்லது டனலுக்குள் காற்றே சற்று மேல்நோக்கி வருகிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டும் கூட்டுத்தொகையாகத்தான் தெரியும். பிரிக்கும் வழி பழையது, அழகானது: மாடலைத் தலைகீழாக்குவது. எங்கள் இறக்கையும் டயலும் ஒரு பக்கத்து அக்ரிலிக் பலகையில் பொருத்தியிருக்கின்றன. எதிர்ப்பக்கப் பலகையும் அதே அளவு, அதே திருகுத் துளைகள். பலகையை இறக்கையோடு கழற்றி, காற்றோட்ட அச்சைச் சுற்றி அரைவட்டம் உருட்டி, எதிர்ப்பக்கத்தில் மாட்டினோம். இப்போது இறக்கையின் மேற்பரப்பு தரையைப் பார்க்கிறது. டயலின் தவறு இறக்கையோடு சேர்ந்து திரும்பிவிட்டது. காற்றின் சாய்வு டனலிலேயே நின்றுவிட்டது. எனவே டயலின் பிழை அதே குறியோடு வரும், காற்றின் பிழை குறி மாறி வரும். கூட்டி இரண்டால் வகுத்தால் ஒன்று, கழித்து இரண்டால் வகுத்தால் மற்றது.

படத்தில் போட்டபோது தலையாட்டினார்கள். கையில் பலகையைப் பிடித்துத் திருப்பும்போதுதான் இரண்டு பேர் “ஓ” என்றார்கள். திருகாணிகள் 14. பலகை இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம்.

ஒவ்வொரு நிலையிலும் டயலில் –4, –2, 0, 2, 4 என்று ஐந்து கோணங்கள். கோடு போட்டு, லிஃப்ட் எங்கே பூஜ்ஜியமாகிறது என்று பார்த்தோம். நேர் நிலையில் –2.0 டிகிரியில். தலைகீழில் –1.5இல். டயலின் பிழை 1.75 டிகிரி, காற்றின் சாய்வு 0.25. கோட்டின் சரிவு டிகிரிக்கு 0.09 வந்ததையும் ஒருத்தி விடவில்லை. மெல்லிய இறக்கைக் கோட்பாடு டிகிரிக்கு 0.11 கொடுக்கிறதே என்றாள். அவளுக்கு ஒரு மணி நேரம் போயிற்று: காற்றின் உராய்வுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் எங்களுக்கு இரண்டு லட்சத்தைக் கூடத் தொடுவதில்லை, இறக்கையின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி வேறு. கோட்பாட்டில் உராய்வும் இல்லை, இடைவெளியும் இல்லை. 0.11 வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

டயலின் முள், தண்டில் ஒரு கிரப் ஸ்க்ரூவால், தலையில்லாத சிறு திருகால், பிடித்திருந்தது. ஆலன் சாவியை வைத்ததும் கால் சுற்று சும்மா சுற்றியது. எப்போதோ யாரோ இறக்கையைக் கையால் திருப்பியிருக்கிறார்கள்; தண்டு திரும்பியது, முள் முழுதாகத் திரும்பவில்லை. நான்கு சனிக்கிழமை வேலைக்கு மூல காரணம் ஒரு கிரப் ஸ்க்ரூ என்பதில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கோபம்.

இறுக்குவதற்கு முன் உண்மையான பூஜ்ஜியம் எங்கே என்று தெரிய வேண்டும். மரவேலைப் பட்டறையில் ஒட்டுப்பலகையில் ஒரு தொட்டில் வெட்டினோம். நாக்கா 0012 வடிவத்துக்குச் சமன்பாடு உண்டு. நாண் 150 மிமீ என்றால் மூக்கிலிருந்து 45 மிமீ தள்ளி அதிகபட்சத் தடிமன் 18 மிமீ. தாளில் அச்சடித்து, பலகையில் ஒட்டி, ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்தோம். முதல் தொட்டில் மூக்குப் பக்கம் இறுக்கமாக இருந்தது, இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. தொட்டிலின் மேல்விளிம்பு நாணுக்கு இணை. அதன் மேல் ரசமட்டத்தை வைத்தால் டனல் தரைக்கும் நாணுக்கும் உள்ள கோணம் தெரிந்துவிடும். டனல் தரையின் மட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தனிக்கதை.

காற்றின் 0.25 டிகிரிக்கு வலையைச் சந்தேகித்தோம். 1,800 மிமீ வாய்க்குள் டார்ச் அடித்தால், வலையின் கீழ்ப்பாதி முழுக்க பஞ்சுத் தூசி. கீழே தடை அதிகம், மேலே குறைவு. காற்று நேராக வர வேண்டிய கட்டாயம் என்ன? வாக்குவம் கிளீனர் வைத்து எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்தோம். மறுபடி நேர், தலைகீழ் ஓட்டம். சாய்வு 0.1 டிகிரிக்குள் வந்துவிட்டது. அதற்குக் கீழே எங்கள் மானோமீட்டருக்குப் பேசும் யோக்கியதை இல்லை.

கடைசி ஓட்டம், டயல் 0: லிஃப்ட் கெழு 0.01. செலவு: டிஸ்டில்டு வாட்டர், ஐந்து மீட்டர் பிவிசி குழாய், தின்னர், சிரிஞ்சு, ஒட்டுப்பலகை எல்லாம் சேர்த்து 640 ரூபாய். கேசரிப் பவுடர் என் வீட்டிலிருந்து.

இந்த வருட ரெக்கார்டில் காற்றில்லா ரீடிங்குக்கு முதல் பத்தி ஒதுக்கியிருக்கிறேன். 7ஆம் வரிசையில் ‘அடைப்பு, ரீடிங் இல்லை’ என்று எழுத வேண்டும். எண் எழுதினால் கையெழுத்து கிடையாது. இரண்டு பேர் எழுதிவிட்டுத் திரும்பி வந்தார்கள். 0.21ஐ வட்டமிட்ட ரெக்கார்டில் ‘தவறு டயலில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மூன்று வாரம் தாமதமாக.

அலமாரியில் நாக்கா 4412 இருக்கிறது, ஐந்தாவது பயிற்சிக்கு. அது வளைந்த இறக்கை. அதற்கு லிஃப்ட் பூஜ்ஜியமாவதே –4 டிகிரி பக்கத்தில்தான். பூஜ்ஜியம் டிகிரியில் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும், எனவே டயல் இரண்டு டிகிரி பொய் சொன்னாலும் யாரும் வட்டம் போட மாட்டார்கள். அதற்கும் அதே வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறது. சிரிஞ்சு லேப் அண்ணனின் டிராயரில் இருக்கிறது.